தடுப்பை எடுத்த மறுநாள்

துறட்டிக் கம்பின் நுனியால் வண்டி ஷெட்டின் தகரக் கதவை அவள் இன்னொரு முறை தட்டினாள். உள்ளேயிருந்து சத்தமில்லை.

"என்னங்க, டீ ஆறிப்போச்சு. எடுத்துக்கங்க."

சமையற்கட்டு வாசலுக்கும் ஷெட்டுக்கும் நடுவே ஒரு துவைக்கிற கல் கிடந்தது. சாப்பாடோ தண்ணீரோ அதன்மேல் வைத்துவிட்டு அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். பிறகுதான் அவர் வந்து எடுத்துக்கொள்வார். ஊர் அடைபட்ட நாளிலிருந்து இதுதான் ஏற்பாடு.

அவரிடம் ஒரு சின்ன லோடு வண்டி இருந்தது. நல்ல காலத்தில் காய்கறி மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த வண்டி. நோய் வந்ததும் ஊரில் சிலர் சேர்ந்து உதவிக்குழு என்று ஆரம்பித்தபோது, வண்டி வைத்திருந்த பாவத்துக்கு அவரையும் இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். அரிசி, மருந்து என்று தொடங்கி ஆக்சிஜன் சிலிண்டர், மூச்சுத் திணறுகிறவர்கள், கடைசியில் மூச்சு நின்றவர்கள் வரை எல்லாவற்றையும் அந்த வண்டிதான் சுமந்தது. ஊருக்கு அவருடைய பெயரே மறந்துபோய், சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவர் 'லோடு அண்ணன்' ஆகிவிட்டார்.

மகளுக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு. கொஞ்சம் பனி இறங்கினாலும் நெஞ்சு விசிலடிக்கும். இந்தப் பிள்ளைக்கு அந்த நோய் வந்தால் தாங்காது என்று டாக்டர் சொன்ன அன்றே, அவள் கணவரின் பாயையும் தலையணையையும் தூக்கி ஷெட்டில் போட்டாள். அவர் முகம் சுளிக்கவில்லை. "கல்யாணம் ஆனப்ப வாய்க்காத தனிக்குடித்தனம், இப்பதான் வாய்ச்சிருக்கு" என்று சிரித்தார்.

நேற்று சாயங்காலம் ஊர் முகப்பில் போட்டிருந்த தடுப்பை எடுத்தார்கள். அவர் வண்டி மட்டும் நுழைகிற அளவுக்குச் சந்து விட்டு, அடிமரங்களை அடுக்கிப் போட்டிருந்தார்கள். பஸ் ஓடப்போகிறது, பள்ளிக்கூடத்தைக் கழுவித் திறக்கப்போகிறார்கள் என்று பேச்சாக இருந்தது. மரம் இழுத்த வியர்வையோடு அவர் கல்லுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார்.

"கட்டையெல்லாம் எடுத்தாச்சு. ஊரே தொறந்துடுச்சு. நம்ம வீடு எப்ப தொறக்கும்?"

"இன்னும் ஒரு வாரம் போகட்டும். நேத்து வரைக்கும் எங்கெங்கயோ போயிட்டு வந்திருக்கீங்க."

"உத்தரவுங்க அதிகாரியம்மா." சொல்லிவிட்டு நெஞ்சைத் தேய்த்துக்கொண்டார். "கட்டை இழுத்தது புடிச்ச மாதிரி இருக்கு."

"வாயுவா இருக்கும். வெந்நி வைக்கிறேன்."

வெந்நீரைக் கல்லில் வைத்தாள். அவர் நின்றபடியே குடித்துவிட்டு ஷெட்டுக்குள் போனார். அதோடு சரி.

இப்போது துறட்டியைச் சுவரில் சாய்த்தாள். கட்டியிருந்த முகக்கவசத்தின் மேல் இன்னொன்றைக் கட்டிக்கொண்டாள். ஜன்னலில் மகளின் முகம் தெரிந்தது.

"அம்மா, அப்பா ஏன் பேசல?"

"தூங்குறாரு. நீ உள்ள போ."

தகரக் கதவைக் காலால் தள்ளினாள். அவர் தூங்கிக்கொண்டிருக்கவில்லை. வண்டியில் ஏறி உட்கார்ந்து, இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்து, கைகளின் மேல் நெற்றியைச் சாய்த்திருந்தார். பின்னால் காலி சிலிண்டர்கள் கயிறு போட்டுக் கட்டப்பட்டிருந்தன. இனி தேவைப்படாது என்று இன்றைக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டியவை. சாவி போட்டபடி இருந்தது. வண்டியைக் கிளப்பவில்லை.

"என்னங்க" என்றாள். இன்னும் சத்தமாக, "என்னங்க" என்றாள். பிறகு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள்.

வாசற்படியைத் தாண்டக் கால் எழவில்லை. முகக்கவசத்துக்குள் அவள் மூச்சே அவளைச் சுட்டது.

போன் போட்டதும் கம்பவுண்டர் வந்தார். பெரிய ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். உதவிக்குழுவில் எல்லோருக்கும் அவர்தான் டாக்டர். கையுறை மாட்டிக்கொண்டு உள்ளே போனவர், கழுத்தில் விரல் வைத்துப் பார்த்துவிட்டு உடனே வெளியே வந்தார்.

"போயி நேரமாச்சும்மா. விடியும்போதே போயிருப்பாரு."

அவள் கதவின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"காய்ச்சல் இருந்துச்சா? இருமல் ஏதாச்சும்?"

"தெரியலண்ணே. நான் பக்கத்துல போகல."

கம்பவுண்டர் கையுறையைக் கழற்றினார். "எனக்கு நெஞ்சுன்னுதான் தோணுது. ஆனா அவரு யார் யாரத் தூக்கிட்டுப் போனாருன்னு ஊருக்கே தெரியும். டெஸ்ட் எடுக்காம ஒருத்தரும் கிட்ட வரமாட்டாங்க. ரிசல்ட் வர்ற வரைக்கும் அப்படியே இருக்கட்டும். நீயும் தொடாத. புள்ளைக்காகச் சொல்றேன்."

அவள் தலையாட்டினாள். தொடாதே என்று இன்னொருவர் சொன்னதில் தனக்கு ஓர் ஆறுதல் வந்ததை உணர்ந்து, அவரை நிமிர்ந்து பார்க்க வெட்கப்பட்டாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் வந்து, அவர் மூக்கில் குச்சி விட்டு எடுத்துக்கொண்டு போனாள். நர்ஸ் போட்டிருந்த வெள்ளைக் கவச உடையைத் தெரு முழுக்கப் பார்த்தது. ஜன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன. எதிரே மாவுமில்லின் மோட்டார் பாதி அரைப்பில் நின்றது. அந்தச் சத்தம் நின்றதும் தெருவில் எதுவுமே இல்லை என்றாகிவிட்டது.

பிறகு, எதையோ தரையில் இழுத்து வருகிற சத்தம் கேட்டது. அவள் முன்வாசலுக்கு வந்தாள். தெருமுனையில் மில்காரரும் இன்னும் இரண்டு பேரும் ஓர் அடிமரத்தைக் குறுக்கே போட்டுக்கொண்டிருந்தார்கள். உதவிக்குழுவை நடத்திவந்த டீச்சர் ஸ்கூட்டரை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

"என்ன பண்றீங்க?"

"தப்பா எடுத்துக்காதீங்க டீச்சர்" என்றார் மில்காரர். "ரிசல்ட் வர்ற வரைக்கும்தான்."

"நேத்து இதே கட்டைய உங்களோட சேர்ந்து தூக்கிப் போட்டவரு அவரு. அந்த மனுஷன் வாசல்லயே கொண்டாந்து போடறீங்களே!"

"அதான் டீச்சர் பயமே. நானும் அவரும் ஒரே கட்டையத்தான் புடிச்சோம்."

மில்காரரின் முகத்தில் கோபம் எதுவும் இல்லை. மாவு படிந்ததுபோல் வெளுத்துக் கிடந்தது. வாசலில் நின்ற அவளுக்கு அவர்மேல் ஆத்திரம் வரவில்லை. இது வேறு வீடாக இருந்திருந்தால், கட்டையைப் போடுங்கள் என்று முதலில் குரல் கொடுத்திருப்பவள் தானே என்று நினைத்தபடி கதவைச் சாத்தினாள்.

மகளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பின்கதவோரம் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நான் அப்பாவப் பாக்கணும்."

"ரிசல்ட் வரட்டும் குட்டி."

"ஒரே ஒரு தடவ. தொட்டுட்டு ஓடி வந்துடறேன்."

"வேணாம்னா கேளு."

சத்தம் போடாமல் அழத் தொடங்கிய பிள்ளை, அழுகையை அடக்கப்போய் இரும, இருமல் விசிலாகிவிட்டது. அவள் இன்ஹேலரை எடுத்து உதறி அழுத்தினாள். வெறும் காற்றுதான் வந்தது. சிலிண்டரைக் கொடுத்துவிட்டு வரும்போது புதிது வாங்கிவருகிறேன் என்று நேற்று அவர்தான் சொல்லியிருந்தார். மகளின் விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்வாங்கி உள்வாங்கி எழுந்தது. உதட்டு ஓரம் நிறம் மாறிக்கொண்டு வந்தது.

சத்தம் கேட்டு ஓடிவந்து ஆம்புலன்ஸுக்குப் பேசிய டீச்சர் போனை இறக்கினாள். "எங்கயோ தூரத்துல இருக்காம். நேரமாகுமாம்."

ஷெட்டருகே காத்திருந்த கம்பவுண்டர் வந்து, வாசற்படியில் நின்றே காதைக் கொடுத்துக் கேட்டார். "அவ்வளவு நேரம் தாங்காது. உடனே வண்டி வேணும்."

டீச்சரின் ஸ்கூட்டரில் உட்காரவைக்கிற நிலையில் பிள்ளை இல்லை. அந்தத் தெருவில் வேறு வண்டியும் கிடையாது. மூன்று பேரும் ஷெட்டைப் பார்த்தார்கள்.

"நான் ஒருத்தனா அவரத் தூக்க முடியாதும்மா" என்றார் கம்பவுண்டர் மெதுவாக.

"நான் வர்றேன்" என்று டீச்சர் முந்தினாள்.

"நீங்க குட்டியப் பாத்துக்கங்க டீச்சர்."

அவள் கல்லைத் தாண்டினாள். வாசற்படியைத் தாண்டினாள். காலையில் மரத்துப்போன அதே கால்கள்தான். கையுறை தேட நேரமில்லை. வண்டிக் கதவைத் திறந்து, அவர் தோளுக்கு அடியில் கையைக் கொடுத்தாள். அவர் அசையவில்லை. விரல்கள் ஸ்டீயரிங்கோடு விறைத்திருந்தன. ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது.

"விடுங்க" என்றாள் அவர் காதருகே. "குட்டிக்கு முடியல. கொஞ்சம் விடுங்க."

எட்ட நின்று கத்தாமல், இத்தனை கிட்டத்தில் அவரோடு பேசி எவ்வளவு நாளாயிற்று. தாடி நரைத்திருந்தது. அவள் அதைக் கவனித்ததே இல்லை.

இருவருமாக அவரை இறக்கி, பாயில் ஒருக்களித்துக் கிடத்தினார்கள். வண்டி ஓட்டுகிறவர் மாதிரியே முழங்கால்கள் மடங்கியிருந்தன. கம்பவுண்டர் மூச்சு வாங்கியபடி பக்கத்தில் உட்கார்ந்தார். "நான் இவரோட இருக்கேன். நீ போ. ஆனா யாரு ஓட்டறது?"

அப்போதுதான் அவளுக்கு அது உறைத்தது. அவர்கள் ஒருவருக்கும் அந்த வண்டியை ஓட்டத் தெரியாது. பின்வேலிப் படலுக்கு அப்பால் மில்காரர் நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தாரோ, பிள்ளையின் இழுப்பு அங்கே வரைக்கும் கேட்டது.

"அண்ணி, அண்ணனை நான் தொடமாட்டேன். எனக்குப் பயமா இருக்கு" என்றார். "வண்டிய ஓட்டுறேன்."

சொன்னபடியே, உட்காரும் முன் சீட்டில் ஒரு சாக்கை விரித்தார். ஸ்டீயரிங்கில் துண்டைச் சுற்றிக்கொண்டார். டீச்சர் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு முன்னால் ஏறினாள். மகள் அம்மாவைப் பார்த்துக் கையை நீட்டினாள். அவள் பின்னுக்கு நகர்ந்தாள். அவரைத் தொட்ட கை.

"அம்மா பின்னாடிதான் இருக்கேன்" என்று சொல்லி, சிலிண்டர்களுக்கு நடுவே ஏறி உட்கார்ந்தாள்.

தெருமுனையில் மில்காரர் இறங்கி, அந்த அடிமரத்தைத் தனியாளாக இழுத்து ஓரம் தள்ளினார். யாரும் உதவிக்கு வரவில்லை. தடுக்கவும் இல்லை.

வண்டி பறந்தது. டிரைவர் கேபினின் பின்பக்கத்துச் சின்னக் கண்ணாடி வழியாக மகளின் தலை தெரிந்தது, ஒரு தோள் தெரிந்தது. சிலிண்டர்கள் ஒன்றோடொன்று மோதுகிற சத்தத்தில் இழுப்புச் சத்தம் கேட்கவில்லை. தோள் ஏறுகிறதா என்று மட்டும் பார்த்தாள். ஏறியது. இறங்கியது. ஒரு பள்ளத்தில் வண்டி குதித்தபோது தோள் கண்ணாடியை விட்டு மறைந்தது. அவள் கத்தினாள். காற்று அதை வாங்கிக்கொண்டு போயிற்று. மறுபடி தோள் தெரிந்தபோது, தான் உட்கார்ந்திருக்கும் பலகையில் யார் யாரோ இப்படித்தான் மூச்சுக்குப் போராடிக்கொண்டு போனார்கள் என்பதும், அப்போதெல்லாம் முன்னால் உட்கார்ந்து ஓட்டியவர் இந்தக் கண்ணாடியில் திரும்பித் திரும்பிப் பார்த்திருப்பார் என்பதும் அவளுக்குப் புரிந்தது. அவர் ஒருநாளும் அதைப் பற்றிப் பேசியதில்லை. அவளும் கேட்டதில்லை.

ஆஸ்பத்திரியில் பிள்ளையை உள்ளே தூக்கிப் போனார்கள். முகத்தில் மருந்துப் புகை விடுகிற மெஷினை மாட்டியிருப்பதாக ஒரு நர்ஸ் வந்து சொன்னாள்.

"நீங்கதானே அம்மா? உள்ள வாங்க."

"நான் வரக்கூடாது."

நர்ஸ் புரியாமல் பார்த்துவிட்டுப் போனாள். அவள் வராந்தாவின் கடைசியில், எந்தத் தூணிலும் சாயாமல், ஈரக் கையை வைத்துக்கொண்டு நிற்பவள்போல் கைகளை உடம்பிலிருந்து விலக்கி வைத்துக்கொண்டு நின்றாள். எதிர்ச்சுவர் ஓரம் மில்காரர். இருவருக்கும் நடுவே நீளமாக வெயில் விழுந்து, நகர்ந்தது.

டீச்சர் எட்டிப் பார்த்தாள். "சத்தம் கொறையுதுக்கா. பேசறா. உங்களத்தான் கேக்கறா."

அவள் பதில் சொல்வதற்குள் டீச்சரின் போன் அடித்தது. கம்பவுண்டர். டீச்சர் ஸ்பீக்கரில் போட்டாள்.

"இல்லம்மா" என்றது போன். "அது இல்ல. ரிசல்ட் வந்துடுச்சு. நெஞ்சுதான்."

மில்காரர் அப்படியே சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்து, சின்னப் பிள்ளைபோல் வாய்விட்டு அழுதார். தனக்கு ஒன்றுமில்லை என்று அழுகிறாரா, அண்ணன் போய்விட்டாரே என்று அழுகிறாரா என்பது அவருக்கே தெரிந்திருக்காது.

அவள் அழவில்லை. "இல்லியா?" என்று ஒருமுறை கேட்டாள். டீச்சர் தலையை ஆட்டினாள். "ஒரு வாரம்னு சொன்னேன்" என்றாள் அவள். டீச்சருக்கு அது விளங்கவில்லை. அவள் உள்ளே போய் மகளை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

வீடு திரும்பியபோது தெருமுனையில் கட்டை இல்லை. சாத்திய ஜன்னல்களுக்குப் பின்னாலிருந்தவர்கள் எல்லோரும் வாசலில் நின்றார்கள். அவரை நடுவீட்டில் கிடத்தியிருந்தார்கள். மகள் பக்கத்தில் உட்கார்ந்து அவர் விரலைப் பிடித்துக்கொண்டாள். பிள்ளையை எழுந்திரு என்று யாரும் சொல்லவில்லை. வெளிச்சம் இருக்கும்போதே அடக்கம் முடிந்தது. அவருடைய வண்டியில் போய்ப் பிழைத்து வந்தவர்கள் பலபேர் அவருக்குப் பின்னால் நடந்தார்கள். ஒருவருக்கொருவர் இடைவெளி விட வேண்டும் என்பது அன்றைக்கு யாருக்கும் ஞாபகமில்லை.

எல்லாம் முடிந்து, மாத்திரையின் அசதியில் மகள் தூங்கிவிட்டாள். மில்காரரின் மனைவி, யாரையும் கேட்காமல், அவள் சமையற்கட்டில் புகுந்து உலை வைத்திருந்தாள். தட்டில் சாப்பாட்டோடும் சொம்பில் தண்ணீரோடும் வந்தாள்.

"காலைலேர்ந்து பச்சத்தண்ணிகூடக் குடிக்கல. கையக் கழுவிக்க. ரெண்டு வாய் சாப்பிடு."

அவள் கைகளைத் திருப்பிப் பார்த்தாள். உள்ளங்கை ரேகைகளில், அவர் விரல்களைப் பிரித்தபோது ஒட்டிய வண்டி மசி கருப்பாக ஏறியிருந்தது. டீசல் வாடையும், அதற்கு அடியில் அவருடைய வேர்வை வாடையும் இன்னும் இருந்தன. இரண்டு கையையும் மூடி மடியில் வைத்துக்கொண்டாள்.

"அப்புறம் கழுவிக்கறேன்."

மில்காரி சொம்பை ஓரமாக வைத்தாள். உள்ளே போய் ஒரு கரண்டி எடுத்துவந்து, அவள் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, அவளுடைய முகக்கவசத்தைத் தானே மோவாய்க்கு இறக்கிவிட்டு, முதல் கரண்டியை ஊதி நீட்டினாள்.