முழுப்பேர்

பனி இன்னும் மலையை விட்டு இறங்கவில்லை. தேயிலைக் கொழுந்து அள்ள அள்ள வரும் மாதம். பெண்கள் பனியில் நனையாமலிருக்க இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு தேயிலை நிரை பிடித்து ஏறிக்கொண்டிருந்தார்கள். பூரணியை மட்டும், மலை வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு யோகேஸ்வரன் பாதி நிரையில் கூப்பிட்டு இறக்கினார்.

"கொழும்புலயிருந்து மிஸ் வந்திருக்காங்க. கொரோனாவால தோட்டத்து ஆளுகளுக்கு என்ன கஷ்டம்னு ஆராய்ச்சியாம். கேக்குறதுக்கு மட்டும் பதில் சொல்லு. தோட்டம் நல்லா பாத்துச்சுன்னு சொல்லணும், வெளங்குதா?"

"வெளங்குதுங்கய்யா."

அவள் வாயில்லாப் பூச்சி என்று நினைத்துத்தான் நேற்றே அவளைத் தேர்ந்து சொல்லியும் வைத்திருந்தார். அந்த நினைப்பை இத்தனை காலமும் அவள்தான் பத்திரமாக வளர்த்து வைத்திருந்தாள். நேற்றுப் பின்னேரமே, தப்படிக்கும் மூக்கன் வீட்டுக்குப் போய்ப் பேசிவிட்டாள். காலையில் நிரைக்கு நிரை பெண்களின் காதிலும் போட்டுவிட்டாள்.

தாய்மார் மலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவில், குழந்தைகளை ஒரு மூலைக்கு ஒதுக்கிவிட்டு மேசை போட்டிருந்தார்கள். ஆராய்ச்சிக்கு வந்த லோஜினி எழுந்து பூரணிக்குக் கதிரையைக் காட்டினாள். கண்டாக்கு கதவோரம் நின்றார். அவர் நிற்கும்போது பூரணி உட்கார்ந்தது அவருக்குப் பிடிக்கவில்லை. அது அவளுக்கு நன்றாகவே பிடித்திருந்தது.

"கொரோனா நேரத்துல எத்தனை நாள் வேலை இல்லாம இருந்தீங்க அக்கா?"

"ஒரு நாளும் இல்லீங்க மிஸ். ஊரடங்கு போட்டாலும் நாங்க மலைக்குப் போனோம். எங்க வீட்டுக்காரர் செத்த அன்னைக்கும் போனேன்."

கண்டாக்கு தொண்டையைச் செருமினார்.

"துக்கத்துக்குக்கூட லீவு தரலையா?"

"துக்கம்னு சொன்னாத்தானே மிஸ் லீவு கேக்குறது?"

அவள் புருஷன் சின்னராசாவைக் காய்ச்சலோடு கொரோனா முகாமுக்கு ஏற்றிப்போயிருந்தார்கள். ஒரு விடியற்காலையில் அவன் செத்துப்போனான். செய்தி தோட்டத்து ஆபீசுக்கு ஃபோனில் வந்தது. எடுத்தவர் யோகேஸ்வரன். தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் சாவு விழுந்தால் தப்பு அடிப்பார்கள். தப்புச் சத்தம் கேட்டால் எந்த மலையில் நின்றாலும் எல்லாரும் இறங்கிவிடுவார்கள். அது தோட்டம் உண்டான நாளிலிருந்து உள்ள வழக்கம். அந்த வாரம் ஃபெக்டரிக்குக் கொழுந்து போதவில்லை. அதனால் அவர் வாயைப் பூட்டிக்கொண்டார்.

அன்று பகல் முழுக்கப் பூரணி கொழுந்து எடுத்தாள். பின்னேரம் நிறுவையில் கண்டாக்கு, "நல்லா எடுத்திருக்கியே" என்று சொல்லி, முழுநாள் சம்பளத்துக்கு முழுப்பேர் போட்டார். அதற்குப் பிறகுதான் விஷயத்தைச் சொன்னார். அதற்குள் எரித்துவிட்டிருந்தார்கள். காலையில் சொல்லியிருந்தால் ஓடிப்போய்த் தூரத்தில் நின்றாவது முகத்தைப் பார்த்திருப்பாள். மூக்கன் தப்பை எடுத்தபோது, "கூட்டம் கூடக் கூடாது, பொலிசுக்குச் சொல்லிடுவேன்" என்று அதையும் தடுத்தார். மன்னிக்கிற காரியமா அது? அவள் மன்னிக்கவே இல்லை.

இப்போது லயத்துப் பக்கம் தப்பு அடித்தது. சாவுத் தப்பு.

குழந்தைகள் விளையாட்டை நிறுத்தினார்கள். கண்டாக்கு வாசலுக்குப் பாய்ந்தார். மலை முழுக்கப் பெண்கள் கொழுந்துச் சாக்குகளோடு இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

"ஐயோ, யாராவது செத்துட்டாங்களா?" என்றாள் லோஜினி.

"ஆமாங்க மிஸ். எங்க வீட்டுக்காரர்."

"அது... அப்பவே இல்லையா?"

"அப்ப யாரும் சொல்லலீங்க. இன்னைக்குத்தான் சொல்றோம்."

பெண்கள் வந்து பிள்ளைக்காம்பரா வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். பாதி நிறைந்த சாக்குகளைக் கொழுந்து நிறுக்கும் கொட்டிலருகே போட்டிருந்தார்கள்.

"என்ன கூத்து இது? மலைக்கு ஏறுங்க! லொறி வரப்போகுது!"

"ஏறுறோம்ங்கய்யா," பூரணி எழுந்து அவருக்கு நேர் எதிரே வந்து நின்றாள். "அன்னைக்கு விடிய என்கிட்ட சொல்ல வேண்டியத இப்ப சொல்லுங்க. எல்லாருக்கும் கேக்குற மாதிரி."

"பைத்தியமா உனக்கு?"

ஒருத்தியும் அசையவில்லை. தப்பும் நிற்கவில்லை. கண்டாக்கு லோஜினியைப் பார்த்தார். அவள் பேனையை மூடி வைத்துவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சின்னராசா... செத்துட்டான்," என்றார் தரையைப் பார்த்து.

"கேக்கலீங்கய்யா."

"சின்னராசா செத்துட்டான்! போதுமா?"

பூரணி தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அன்று வராத அழுகை அடிவயிற்றிலிருந்து வந்தது. பெண்கள் அவளைச் சுற்றி உட்கார்ந்து தோளோடு தோள் சேர்த்து ஒப்பாரி வைத்தார்கள்.

கொழுந்து லொறி வந்து ஹோர்ன் அடித்தது. சாக்குத் தூக்க ஒரு ஆளும் எழவில்லை. வெயில் ஏறினால் கொழுந்து சூடேறிச் சிவந்துபோகும். கண்டாக்கு இரண்டு தடவை சத்தம் போட்டுப் பார்த்தார். பிறகு தானே ஒரு சாக்கைத் தோளில் தூக்கினார். பனியில் நனைந்த கொழுந்திலிருந்து தண்ணீர் அவருடைய வெள்ளைச் சட்டையில் இறங்கியது. பூரணி அழுகையினூடே அதைக் கண்குளிரப் பார்த்தாள்.

"எல்லாருக்கும் இன்னைக்கு அரைப்பேருதான்!" என்று திரும்பிக் கத்தினார்.

பூரணி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"அன்னைக்கு முழுப்பேரு போட்டீங்களேய்யா."

தண்ணீர் முதுகில் வழிய, கண்டாக்கு சாக்கோடு அப்படியே நின்றார். லொறி மறுபடியும் ஹோர்ன் அடித்தது.