பதினோரு வருடம் தூங்கிய மேக்னட்ரான்

வெற்றிடத்தை முழுமையாகப் புரிந்துகொண்டவர் இந்தியாவில் ஒருவர்தான். அவர் பாளையங்கோட்டையில் வசிக்கிறார். இந்தத் தகவலைத் தருபவரும் அவரே. பெயர் ஜெபசீலன்.

பெங்களூரில் முப்பது வருடம் ராடாருக்கு மேக்னட்ரான் வடிவமைத்தவர். ராடார் வானத்தில் வீசும் அலை பிறக்கிற வால்வு அது. உள்ளே காற்று இருக்கவே கூடாது. சும்மா கிடந்தால் உலோகமே மெல்ல வாயு விடும். ஆகவே வருடம் ஒருமுறை மின்சாரம் கொடுத்து எழுப்ப வேண்டும் என்பது மற்றவர்கள் விதி.

"என் வால்வு என்ன புது மாப்பிள்ளையா, அடிக்கடி கூப்பிட்டு விருந்து வைக்க?" என்பார் ஜெபசீலன்.

அவர் செய்ததில் மிச்சமிருந்த கடைசி வால்வு பதினோரு வருடம் அவர் வீட்டில் பெட்டியிலேயே கிடந்தது. இப்போது மலைமேல் இருக்கும் மழை ராடாரின் வால்வு செத்துவிட்டது. கடலில் புயல் சின்னம். மாற்று இது ஒன்றுதான். ஏற்றிப்போக வாசலில் ஜீப் நிற்கிறது.

அவர் வீட்டுப் பட்டறையில், வால்வு கம்பிவலைக் கூண்டுக்குள் இருந்தது. குமிழைத் திருகி மின்னழுத்தத்தை ஏற்றினாள் ராடார் நிலையத்து உதவிப் பொறியாளர் அர்ஷியா. "பைய, என் ராசா, பைய."

"யாருகிட்டம்மா பேசுத? அது வெறும் செம்பு. அதுக்குக் காது கிடையாது."

"அப்ப அதுக்குக் கேக்காதுல்லா சார். உங்களுக்கு என்ன?"

பத்து கிலோவோல்ட். டக். மீட்டர் முள் துள்ளி விழுந்தது. உள்ளே பொறி. சின்னப் பொறி வாயுவை எரிக்கும். பெரியது வால்வையே கொன்றுவிடும். இறக்கினாள், பொறுத்தாள், ஏற்றினாள். பதினைந்து. டக்.

"வாயு இருக்கு சார்."

"இருக்காது."

டக்.

"இல்லாததுதான் சத்தம் போடுது." குமிழை விட்டு எழுந்தாள். "இனி நீங்க பிடிங்க. செத்தா என் கையால சாக வேண்டாம்."

வாசலில் ஜீப் ஹாரன் அடித்தது. டிரைவர் அப்பாத்துரையைச் சமாதானப்படுத்த அவள் வெளியே போனாள்.

பதினெட்டு. இருபது. வேலை செய்ய இருபத்திரண்டு வேண்டும். டக்கென்று கூண்டே ஒருமுறை நீலமாயிற்று. ஜெபசீலன் சட்டென இறக்கினார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மறுபடி ஏற்றினார். இருபத்தொன்றில் முள் நடுங்கத் தொடங்கியது.

வாசலைப் பார்த்தார். யாருமில்லை. வலையருகே குனிந்தார்.

"கோவிச்சுக்கிடாத வே," என்றார். "இன்னும் ஒண்ணே ஒண்ணுதான்."

முள்ளின் நடுக்கம் குறைந்தது. குமிழை மயிரிழை அளவு திருகினார். இருபத்திரண்டு. முள் அசையாமல் நின்றது.

"அப்படித்தான்," என்றார், இன்னும் தாழ்ந்த குரலில். "அப்படியே இரி வே."