முந்தைய திருமணங்களின் எண்ணிக்கை

ஞாயிறு மதியம். புதுச்சத்திரத்தில் திருமணத் தகவல் மையம் நடத்தும் தனசேகர், சபரிநாதனின் வீட்டுக்கு வந்து, டேப்லெட்டை மடியில் வைத்து அவன் விவரங்களைப் பதிந்துகொண்டிருந்தார். பெயர், எழுத்தில். வயது முப்பத்தொன்று, முழு எண். உயரம் ஐந்தடி எட்டங்குலம், அதை 5.8 என்று தசமத்தில் போட்டார். பாலிடெக்னிக்கில் கணக்குப் பாடம் எடுக்கும் சபரி, அது தப்பென்று தெரிந்தும் திருத்தவில்லை.

அடுத்த கட்டம்: முந்தைய திருமணங்களின் எண்ணிக்கை.

"சைபர் போடுங்க" என்றாள் அம்மா சௌந்திரம்.

சபரி நிமிர்ந்தான். மைதிலி டெங்குவில் இறந்து பதினான்கு மாதம். அதற்கு முன் பத்து மாதம் அவன் மனைவியாக இருந்தாள். இத்தனை நாளும் சாப்பிடு என்றால் சாப்பிட்டான். பெண் பார்க்கலாமா என்றால் தலையாட்டினான்.

"ஒண்ணுங்க" என்றான்.

"ஒண்ணுன்னா ரெண்டாந்தாரப் பட்டியலுக்குப் போயிருமுங்க தம்பி" என்றார் தனசேகர். " இங்க மொதக் கல்யாணத்துக்கே பொண்ணு கெடைக்காம பசங்க நாப்பது வயசுல நிக்கறாங்க."

"பத்து மாசந்தான் சாமி" என்றாள் அம்மா. "ஒரு வருசங்கூட முழுசா ஆவுல."

"அப்பப் பன்னெண்டுல பத்துன்னு பின்னமாப் போட்டுருங்க" என்றான் சபரி.

கிண்டல் தனசேகருக்கு உறைக்கவில்லை. 0.8 என்று தட்டினார். 'முழு எண் மட்டும்' என்று சிவப்பில் வந்தது.

"காலியா உட்டுட்டா?" என்று கேட்டாள் அம்மா.

"நெரப்பாம அடுத்த பக்கம் போகாதுங்கக்கா."

"காலியா உட்டா பதில் சொல்லலைன்னு அர்த்தம்" என்றான் சபரி. "சைபர்னா அதுவே ஒரு பதில். கல்யாணமே நடக்கலைன்னு பதில். நடந்துச்சுங்கம்மா. நீங்கதான் முன்னால நின்னு நடத்துனீங்க."

"செத்தவள எண்ணி என்னடா ஆகப்போவுது? இருக்கற நீ இப்பிடித் தனியாக் கெடக்கறயே!"

"செத்ததுக்கு, இருக்கறவங்க கணக்குல ஒண்ணு கழிச்சுக்கலாங்கம்மா. கட்டுன கணக்குல கழிக்க முடியாது."

டேப்லெட்டை வாங்கி 1 என்று தட்டினான். பொருந்தும் வரன்கள் 412 என்று மேலே இருந்தது, 9 ஆயிற்று. அம்மா தலையில் கைவைத்தாள்.

சபரி நிறுத்தவில்லை. கடைசியில் 'பிற விவரங்கள்' என்றொரு கட்டம் இருந்தது. எழுத்து வகை, எதை எழுதினாலும் ஏற்றுக்கொள்ளும். எழுதினான்: 'மனைவி பெயர் மைதிலி. இறந்துவிட்டாள். வீட்டில் அவளைப் பற்றிப் பேசுவேன்.'

எட்டிப் பார்த்த தனசேகர் பதறினார். "இதைப் படிச்சா அந்த ஒம்பதும் ஓடிருமுங்க தம்பி!"

"ஓடட்டுங்க."

"ஒண்ணாச்சும் மிஞ்ச வேண்டாமுங்களா?"

"மிஞ்சறவங்க நம்பரைக் குடுங்க. நானே பேசிக்கறேன்."

'பதிவு செய்' என்பதை அழுத்திவிட்டு, டேப்லெட்டை அவரிடம் நீட்டினான்.