ஏழாவது வெள்ளி

"படம் எடுத்துச்சா, எடுக்கலையா? அத மட்டும் சொல்லுங்க ஆன்டி."

"எடுத்த மாதிரிதான் இருந்துச்சு."

"மாதிரின்னா?"

"தலைய இப்படித் தூக்குச்சு. நான் கும்பிட்டுட்டேன். கும்பிடுறப்ப கண்ண மூடிட்டேன்லா."

மலர்விழி இன்னும் ஹெல்மட்டைக் கழற்றவில்லை. மோட்டார் சைக்கிளின் இஞ்சின் சூடு ஆறாமல் டிக் டிக்கென்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. நேற்று மாலை ஏழு மணிக்குத் துறைமுக வாசலில் உட்கார்ந்தவள், இன்று காலை ஏழு மணிக்குத்தான் எழுந்தாள். இடையில் உள்ளே வந்த ஒவ்வொரு கண்டெய்னரின் எண்ணையும் படித்து, சீல் உடையாமல் இருக்கிறதா என்று பார்த்து, கம்ப்யூட்டரில் ஏற்றியிருந்தாள். இப்போதும் கண்ணை மூடினால் இமைக்கு உள்பக்கம் எண்கள் ஓடின. மோட்டார் கூடையில் ஒரு பெட்டிப் பாலும், செய்தித்தாளில் சுற்றிய ஒரு முட்டையும் இருந்தன. இன்று ஏழாவது வெள்ளி.

பூமணி ஆன்டி முனை வீட்டுக்காரர். பண்டமாரானில் அந்த வரிசை வீடுகளுக்குப் பின்னால் ஒரு சந்து, சந்தை ஒட்டி லொங்காங் எனும் கழிவுநீர்க் கால்வாய், அதன் ஓரம் ஒரு வேப்பமரம். மரத்தடியில் முளைத்த கரையான் புற்றுக்கு மஞ்சள் துணி கட்டி, குங்குமம் வைத்து, பதினோரு வருடமாக நாகம்மா என்று கும்பிட்டு வருபவர் அவர். மலர்விழியின் கணவன் ஜீவன் லோரி மேலிருந்து விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டு வந்தபோது, "ஏழு வெள்ளி பால் ஊத்தி முட்டை வை. எலும்பு கூடலைன்னா என்னைய வந்து கேளு" என்று சொன்னவரும் அவர்தான். மலர்விழிக்கு அதில் நம்பிக்கை இருந்ததா என்றால், யோசித்துப் பார்க்க நேரம் கிடைக்கவில்லை. வேலை முடிந்து வீட்டுக்கு வரும் வழியில் புற்று இருந்தது. ஊற்றிவிட்டு வந்தாள், அவ்வளவுதான்.

"இப்ப எங்க அந்தப் பாம்பு?"

"உன் வீட்டுக்குள்ளதான் போச்சு." ஆன்டியின் குரலில் பயம் இல்லை; கொஞ்சம் பொறாமை இருந்தது. "துணி மெஷின் தண்ணி குழாய் வருதுல்ல, அந்த ஓட்டை வழியா. பதினோரு வருஷமா கும்பிடுறேன், என் வாசலை எட்டிப் பாத்ததில்ல. உனக்கு ஏழே வெள்ளி!"

குழாய் ஓட்டையைச் சுற்றி சிமெண்ட் பூச வேண்டும் என்று மலர்விழி போன வருடமே சொல்லியிருந்தாள். அடுத்த லீவில் பூசுகிறேன் என்றான் ஜீவன். அடுத்த லீவு வந்தபோது அவன் மல்லாந்து படுத்திருந்தான், எலும்பை நிறுத்த மாட்டிய நான்கு இரும்புக் கம்பிகள் இடுப்பிலிருந்து மேலே நீட்டிக்கொண்டிருந்தன. அந்த ஓட்டை சமையலறையில் திறக்கும். சமையலறையைத் தாண்டினால் ஜீவனின் அறை.

தூக்கம் கொஞ்சம் விலகி நின்றது. அவள் 999ஐ அழைத்தாள். மறுமுனையில் ஒரு பெண் மலாயில் பொறுமையாகக் கேட்டாள்: என்ன நிறம்?

"ஆன்டி, என்ன நிறம்?"

"கறுப்பு. நனைஞ்ச கறுப்பு."

எவ்வளவு நீளம்?

"விளக்கமாத்துக் கட்டை அளவு இருக்கும். இல்ல, அதுக்கும் மேல."

விஷமுள்ளதா? மலர்விழி ஆன்டியைப் பார்த்தாள். ஆன்டி வேப்பமரத்தைப் பார்த்தார். தெரியவில்லை என்றாள் மலர்விழி. அந்தப் பெண் அதையும் பதிவு செய்யும் தட்டெழுத்துச் சத்தம் கேட்டது. தீயணைப்புப் படையான பொம்பா இருபது நிமிடத்தில் வரும், யாரும் கிட்டே போக வேண்டாம்.

"பொம்பாவையா கூப்பிட்ட?" என்றார் ஆன்டி.

மலர்விழி உள்ளே ஓடினாள்.

ஜீவன் விழித்திருந்தான். மார்பின் மேல் சவரக் கண்ணாடி கிடந்தது. எழுந்து உட்கார முடியாததால், இரண்டு மாதமாக அந்தக் கண்ணாடியைச் சாய்த்துச் சாய்த்துத்தான் உலகத்தைப் பார்க்கிறான். வாசலில் யார் வருகிறார்கள், மணி என்ன, பல்லி எந்தச் சுவரில் இருக்கிறது என்பதெல்லாம் வட்டக் கண்ணாடிக்குள் வந்து போகும்.

"பாம்பு வந்திருக்காம்" என்றாள்.

"வாடகை கேட்டியா?"

"விளையாடாத. எதையாவது பாத்தியா?"

"நான் பாக்கறதெல்லாம் இந்த ஃபேன் மட்டும்தான். பாம்புன்னா படையே நடுங்குமாம். நான் நடுங்கினா இடுப்பு வலிக்கும், அதான் சும்மா படுத்திருக்கேன்." பிறகு, "மாத்திரை போட்டுட்டேன். பசிக்குது" என்றான்.

அவனைத் தூக்க அவளால் முடியாது. கிளினிக்குக் கொண்டுபோகவே நான்கு ஆண்கள் வேண்டும். அந்த நால்வரும் இந்நேரம் துறைமுகத்தில் வேலையில் இருப்பார்கள். வலது பக்க வீட்டில் இருக்கும் நேப்பாளப் பையன்கள் ஆறு மணிக்கே பஸ் ஏறிவிடுவார்கள். அவள் அறைக் கதவைச் சாத்தி, அடியில் துண்டைச் சுருட்டி வைத்தாள். விளக்கமாற்றோடு சமையலறைக்குப் போனாள். துணி மெஷினுக்குப் பின்னால் குத்தினாள், அரிசி வாளியை நகர்த்தினாள், கேஸ் சிலிண்டரைச் சாய்த்துப் பார்த்தாள். கிட்டே போகாதே என்று சொன்னது நினைவில் இருந்தது. ஆனால் கதவுக்கு அந்தப் பக்கம் ஓட முடியாத ஒருவன் படுத்திருக்கும்போது அந்தப் புத்தியெல்லாம் வேலை செய்வதில்லை. தெருப்பக்கம் ஒரு கனரக வண்டி நின்றது, கொஞ்ச நேரத்தில் கிளம்பிப் போனது. பண்டமாரானில் லோரி நிற்பதையும் போவதையும் யார் காதில் வாங்குகிறார்கள்?

"மலர்."

அறைக்குள்ளிருந்து ஜீவன் தணிந்த குரலில் கூப்பிட்டான். அந்தக் குரலில் விளையாட்டு இல்லை.

"மெதுவா வா. கதவை மெதுவாத் தெற. அலமாரிக்குக் கீழ, கண்ணாடியில தெரியுது."

அவள் கதவைத் திறந்து, குனிந்து பார்த்தாள். அலமாரிக்கடியில், சுவரோரமாக, பழைய காலண்டர் சுருளுக்குப் பக்கத்தில், கறுப்பாக ஏதோ சுருண்டு கிடந்தது. முதலில் கேபிள் என்றுதான் நினைத்தாள். துறைமுகத்தில் அந்தத் தடிமனில் எத்தனையோ கேபிள்கள். பிறகு அந்தக் கேபிள் மூச்சு விட்டது. தலை எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. அவள் துண்டு வைத்து அடைத்தபோதே அது உள்ளேதான் இருந்திருக்கிறது.

இருபது நிமிடம் எப்போதோ கடந்திருந்தது. மறுபடி அழைத்தாள். அந்தப் பெண் யாரிடமோ இணைப்பைக் கொடுத்தாள். எடுத்தவர் தமிழில் பேசினார்.

"அக்கா, நிஜாம் பேசுறேன், பொம்பா. நாங்க வந்துட்டுத்தானே போனோம்?"

"எங்க வந்தீங்க?"

"உங்க தெருவுக்குத்தான். முனை வீட்டு ஆன்டி வெளிய நின்னு கைகாட்டி நிறுத்தினாங்க. பாம்பு பொதருக்குள்ள போயிடுச்சு, வீட்டுல நோயாளி தூங்குறாரு, ஹாரன் அடிக்காதீங்கன்னு சொன்னாங்க. எங்களுக்குத் தண்ணி கூடக் குடுத்தாங்க அக்கா."

மலர்விழி சுவரில் சாய்ந்தாள். கோபம் வர வேண்டிய இடம் அது. உடம்பில் எங்கோ தேடிப் பார்த்தாள், கிடைக்கவில்லை. பாம்பு ஜீவனின் அறையில், அலமாரிக்கடியில் இருக்கிறது என்று மட்டும் சொன்னாள்.

"இப்ப ஒரு ஃபேக்டரியில தீ. எல்லாரும் அங்கதான் போய்க்கிட்டிருக்கோம். கொறஞ்சது ஒன்றரை மணி நேரமாவது ஆகும். அதுவரைக்கும் நான் சொல்றத கேளுங்க. அவர நகர்த்தாதீங்க, கட்டில இழுக்காதீங்க, அதிர்ந்தா அது வெளிய வரும். கறுப்புன்னா விஷம் துப்புற நாகமா இருக்கலாம். சாரையா கூட இருக்கலாம். எனக்கும் தெரியாது. துப்பினா விஷம் கண்ணுல படாம பாத்துக்குங்க. அப்புறம் முக்கியமா, யாராவது ஒருத்தர் தூரத்துல இருந்து அதையே பாத்துக்கிட்டு இருக்கணும். எங்க போச்சுன்னு தெரியலைன்னா வீட்டையே பிரிக்கணும். கண்ண எடுக்காதீங்க அக்கா."

"சரி."

"வெளிய புத்து ஏதும் இருக்கா? பால், முட்டை வைக்கிறீங்களா?"

"...ஆமா."

"பாம்பு வந்து அதத் தின்னாது அக்கா. எலிதான் தின்னும். எலியத் தேடி அது வரும்."

ஆறு வெள்ளிக்கிழமைகளில் ஆறு முட்டைகள். மறுநாள் காலை பார்த்தால் ஓடு மட்டும் கிடக்கும், ஓரத்தில் பொடிப்பொடியாகப் பல் தடம் இருக்கும். அம்மா சாப்பிட்டுட்டா என்பார் ஆன்டி. மலர்விழியும் அந்தப் பல் தடத்தைப் பார்த்துவிட்டு, பார்க்காதவள்போல மோட்டாரை எடுத்திருக்கிறாள். வேறு யாரைக் குறை சொல்வது?

அவள் ஹெல்மட்டை எடுத்து வந்து, மெதுவாக ஜீவனின் தலையில் மாட்டி, முன்கண்ணாடியை இறக்கிவிட்டாள்.

"எங்க போறோம்?" என்றான் உள்ளிருந்து. குரல் குடத்துக்குள் பேசுவதுபோல இருந்தது.

"பேசாம படு."

"கூடையில முட்டை இருக்குதானே? அதுக்கு வைக்கறத எனக்கு ஆஃப் பாய்ல் போட்டுக் குடு. எனக்குத்தானே நேர்ந்துக்கிட்ட..." மாத்திரை வேலை செய்ய ஆரம்பித்திருந்தது. அவன் பேச்சு பாதியில் கரைந்தது. கொஞ்ச நேரத்தில் முன்கண்ணாடியில் மூச்சுப் புகை படிந்து விலகியது, படிந்து விலகியது.

மலர்விழி அறை வாசலருகே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். சட்டைப் பையிலிருந்து, வேலையில் போடும் பாதுகாப்புக் கண்ணாடியை எடுத்துக் கண்ணில் மாட்டிக்கொண்டாள். பார்த்தாள். கறுப்பு அசையாமல் இருந்தது. வெளியே வெயில் ஏறி, தகரக் கூரை படபடத்தது. ஃபேன் ஒரு சுற்றுக்கு ஒருமுறை கிறீச்சிட்டது. அதுவும் ராத்திரியெல்லாம் அலைந்துவிட்டு, இருட்டாக, குளிர்ச்சியாக, யாரும் தொந்தரவு செய்யாத ஓர் இடம் தேடி இங்கே வந்திருக்கலாம் என்று தோன்றியது. அதன் ஷிஃப்ட் முடிந்துவிட்டது போலிருக்கிறது. அதன்மேல் அவளுக்கு லேசாகப் பொறாமை கூட வந்தது. அலமாரிக்கடியில் இன்னும் ஓர் ஆளுக்கு இடம் இருந்தால் அவளும் சுருண்டு படுத்திருப்பாள். கறுப்புச் செதில்களில் எண்கள் ஓடின. நான்கு எழுத்து, ஏழு இலக்கம். படித்தாள், சீல் பார்த்தாள், ஏற்றினாள். அடுத்த வண்டி. அடுத்த வண்டி.

முகவாய் மார்பில் இடித்தபோது விழித்தாள்.

காலண்டர் சுருள் கிடந்தது. பக்கத்தில் ஒன்றும் இல்லை.

எவ்வளவு நேரம் தூங்கினாள்? ஒரு நிமிடமா, இருபதா?  கால்களை நாற்காலியின் மேல் தூக்கிக்கொண்டு, இமைக்காமல் தரையை அங்குலம் அங்குலமாகத் தேடினாள். அலமாரியின் கால், செருப்பு, சிறுநீர்ப் பை தொங்கும் கொக்கி. கட்டில் கால்! கட்டில் காலைச் சுற்றி, சுவரோரமாக, அது நீளமாகப் படுத்திருந்தது. இரண்டு சாண் மேலே ஜீவனின் கை கட்டிலுக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. அவன் ஹெல்மட்டுக்குள் நிம்மதியாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

அவள் எழுந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, மறுபக்கமாகப் போய், அந்தக் கையைச் சட்டையோடு பற்றி மெல்லத் தூக்கி அவன் வயிற்றின்மேல் வைத்தாள். பிறகு திரும்பி வந்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உட்காரப் பயமாக இருந்தது. உட்கார்ந்தால் தூங்கிவிடுவாள். நின்றாலும் தூங்கிவிடுவாள் என்றுதான் தோன்றியது.

"மலரு!"

பின்வாசலில் பூமணி ஆன்டி. குளித்து, மஞ்சள் பூசி, கையில் தட்டு, தட்டில் சூடம், ஒரு டம்ளர் பால். படிக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். அங்கிருந்து சமையலறை வழியாக ஜீவனின் கால்மாடு தெரியும்.

"இருக்காளா?"

"இருக்கு ஆன்டி. கட்டிலுக்கு அடியில."

"அம்மா தாயே!" தட்டை உயர்த்திக் காட்டினார். "நான் சொன்னேன்ல. அவன் இடுப்பத்தான் பாக்க வந்திருக்கா."

"பொம்பா வந்தப்ப அனுப்பிட்டீங்களா?"

"அனுப்பலை. போகச் சொன்னேன்."

"ரெண்டும் ஒண்ணுதான் ஆன்டி."

"கழுத்துல கம்பியப் போட்டு இழுத்து, சாக்குல அடைச்சுக் கொண்டு போவானுங்கடி. ஆடி வெள்ளி. உன் நேர்த்தி முடியற நாளு. வீடு தேடி வந்தவள இப்படியா அனுப்பறது? உனக்காகத்தான் செஞ்சேன்."

அது பொய்யில்லை என்று மலர்விழிக்குத் தெரிந்தது. அதுதான் அலுப்பாக இருந்தது. பொய்யாக இருந்தால் சண்டை போடலாம். கட்டில் காலடியில் கறுப்பு ஒருமுறை நெளிந்து அடங்கியது. அவள் கண்ணை எடுக்காமலே பேசினாள்.

"உள்ள வாங்க."

"இங்கேருந்தே கும்பிட்டுக்கறேன்மா."

"உள்ள வாங்க ஆன்டி. நான் கத்த மாட்டேன். சத்தியமா எனக்குத் தெம்பில்ல."

ஆன்டி அசையவில்லை. அவருடைய கால்விரல்கள் படியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருப்பது மலர்விழியின் ஓரக்கண்ணில் தெரிந்தது. டம்ளரில் பால் ஆடை கட்டத் தொடங்கியிருந்தது. எங்கோ தூரத்தில் சைரன் கேட்டது. வேறு திசையில் போய்த் தேய்ந்தது.

மலர்விழி வேலைக் கண்ணாடியைக் கழற்றி, பின்பக்கமாகக் கையை நீட்டினாள்.

"பொம்பா வர இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு. யாராச்சும் ஒருத்தர் அதையே பாத்துக்கிட்டு இருக்கணும். நான் நேத்து மத்தியானம் முழிச்சவ. இப்பவே ஒரு தடவ தூங்கிட்டேன், அதுக்குள்ள அவர் கை பக்கத்துல வந்திருச்சு. இன்னொரு தடவ தூங்கினா என்ன ஆகும்னு தெரியல. எனக்கு அரை மணி நேரம் போதும், இங்கயே தரையில சாஞ்சுக்கறேன். நீங்க இத மாட்டிக்கிட்டு, இந்த நாற்காலியில உக்காந்து பாத்துக்கிட்டு இருங்க. கும்பிடறதுன்னாலும் கும்பிடுங்க, பரவாயில்ல. கண்ண மட்டும் மூடாதீங்க. வரீங்களா ஆன்டி?"