அரை டிக்கெட்

மறதி நோய்க்காரர்களுக்கான இல்லத்தில், தாயின் கட்டிலருகே ஐம்பத்திரண்டு வயது மகள் உட்கார்ந்திருந்தபோது, அவளே ஆறு வயதுக்காரியாகப் பள்ளிப்பையுடன் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். அன்று வியாழக்கிழமை, பிரார்த்தனைக்காரர் வரும் நாள். அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. நோயாளியிடம் "என்ன கேக்கட்டும்?" என்பார். சொன்னதை அப்படியே கடவுளிடம் கேட்பார். திருத்த மாட்டார். என்றோ விற்றுவிட்ட கடைக்கு வியாபாரம் வேண்டியவருக்காகவும் கேட்டிருக்கிறார்.

டெலிபோன் ஆபரேட்டராக இருந்த தாய், "என் பொண்ணு இன்னும் ஸ்கூல்லேர்ந்து வரல. சீக்கிரம் அனுப்பச் சொல்லுங்க" என்றாள்.

"அம்மா, நான்தாம்மா. இங்கதானே இருக்கேன்."

"சும்மா இருங்க நர்சம்மா. அவர் லைன்ல இருக்கார்."

மகள் அவர் பக்கம் திரும்பினாள். "அதைக் கேக்காதீங்க ஐயா. ஒரே ஒரு தடவை என்னை அடையாளம் தெரியட்டும்னு கேளுங்க."

"இன்னிக்கு அவங்க முறைம்மா" என்று அவர் கண்களை மூடினார்.

அவர் கேட்டு முடித்ததும் கதவைத் தள்ளிக்கொண்டு வந்த அந்தச் சிறுமியின் முழங்காலில் புதுக் காயம் இருந்தது. மகள் தன் முழங்காலின் பழைய தழும்பைத் தொட்டுப் பார்த்தாள். "எங்கடி சுத்திட்டு வர்ற?" என்று திட்டிவிட்டுத் தாய் சிரித்தாள். அவள் சிரித்து வெகுநாள் ஆகியிருந்தது. வாசல் காவலாளி மட்டும் மகளிடம், "பேத்தியாம்மா?" என்று விசாரித்தார். "இல்ல, நான்தான்." "அதானே, அதே மூக்கு" என்றார். அறையில் ஒரு சின்னக் கட்டில் போட்டார்கள், தினமும் பால் ஒரு டம்ளர் கூடியது. சிறுமி வளரவில்லை. மகளுக்கு நரைத்தது. வியாழக்கிழமைதோறும் ரிப்பன் வாங்கி வந்து சிறுமிக்குத் தலை பின்னிவிட்டாள். "இழுக்காதீங்க நர்சம்மா, என் பொண்ணுக்கு வலிக்கும்" என்பாள் தாய். மகள் மெதுவாகச் சீவுவாள்.

மூன்றாம் வருடம் தாய் இறந்தாள். சிறுமியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மகள் கால்மாட்டில் நின்றாள். பிரார்த்தனைக்காரர் மகளிடம் வந்தார். "இப்ப உங்க முறை. என்ன கேக்கட்டும்?"

சிறுமி அவள் சேலையை இழுத்தாள். "நர்சம்மா, அம்மா எப்ப எந்திரிப்பாங்க?"

மகள் சிறுமியின் அவிழ்ந்த ரிப்பனை முடிந்துவிட்டாள். பிறகு, "இவளைத் திரும்பக் கூப்பிட்டுக்க வேண்டாம்னு சொல்லுங்க" என்றாள். அவர் அப்படியே கேட்டார்.

எல்லாம் முடிந்தபின் இருவரும் பஸ் ஏறினார்கள். கண்டக்டர் இரண்டு முகங்களையும் பார்த்தார். ஒரு முழு டிக்கெட்டும் ஓர் அரை டிக்கெட்டும் கிழித்துக் கொடுத்தார்.