லிஃப்டுக்குள் இருந்தவள்

அந்தப் பெரிய துணிக்கடையில் எல்லோரும் அவளை ஜன்னலக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். தெருவைப் பார்த்த கண்ணாடி ஜன்னல்களுக்குள் பொம்மைகளுக்குச் சட்டை மாட்டி, விளக்கை அப்படி இப்படித் திருப்பி, நடந்து போகிறவர்களை ஒரு கணம் நிற்க வைப்பது அவள் வேலை. கல்யாணத்துக்கு முன்னால் சேர்ந்தவள். கணவர் போய்ச் சேர்ந்த பிறகும் அங்கேதான் இருந்தாள். ஒருநாள் ஜன்னல்களில் விளம்பரப் படம் ஓடுகிற பெரிய மின்திரைகளைப் பொருத்திவிட்டார்கள். திரைக்குச் சட்டை மாட்ட ஆள் எதற்கு? பொம்மைகளை லாரியில் ஏற்றிய கையோடு அவளையும் அனுப்பிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு பயோடேட்டா எழுதி எழுதி அனுப்பினாள். எல்லாம் கிணற்றில் போட்ட கல். எழுதியதைப் படித்தால் அவளுக்கே கொட்டாவி வந்தது. பெயர், வயது, படிப்பு, ஒரே ஒரு கடை. அவ்வளவுதான்.

"இதுல நீ எங்கக்கா இருக்க?" என்று தங்கை கேட்டாள்.

தங்கை ஒரு பல் ஆஸ்பத்திரியில் உதவியாளர். நாள் முழுக்க ஊரார் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பதாலோ என்னவோ, தன் வாயை அதிகம் திறக்க மாட்டாள். திறந்தால் இப்படித்தான், சுருக்கென்று தைக்கும்.

அந்தச் சமயத்தில்தான் அந்த விளம்பரம் கண்ணில் பட்டது. அருங்காட்சியகங்களுக்கும் கண்காட்சிகளுக்கும் அறைகள் அமைத்துத் தருகிற ஒரு நிறுவனம். பயோடேட்டாவை எழுதி அனுப்ப வேண்டாம். ஒரு காலி அறையும், மரமும், விளக்கும், தச்சர் ஒருவரையும் தருகிறோம். நீங்கள் யார் என்பதை அந்த அறையாகவே கட்டுங்கள். நாங்கள் உள்ளே வந்து தெரிந்துகொள்கிறோம் என்று போட்டிருந்தார்கள். கிறுக்குத்தனம் என்று முதலில் நினைத்தாள். தாளில் தோற்றவள் அறையிலாவது ஜெயிக்கலாமே என்று பிறகு போனாள்.

முதலில் பழைய கடையிலிருந்து இரண்டு பொம்மைகளைக் கேட்டு வாங்கி வந்து நிறுத்தினாள். அறை அச்சு அசலாகக் கடை மாதிரி இருந்தது. அவள் மாதிரி இல்லை. தச்சர் தலையைச் சொறிந்துகொண்டு, "விலைச்சீட்டு மட்டும்தாம்மா குறையுது" என்றார். பொம்மைகளைத் திருப்பி அனுப்பிவிட்டு வெறும் அறையில் உட்கார்ந்திருந்தபோது லிஃப்டு நினைவுக்கு வந்தது.

அப்பா ஓர் அலுவலகக் கட்டடத்தில் லிஃப்டு ஓட்டுபவர். இழுத்து மூடுகிற கம்பிக் கதவு, பித்தளைக் கைப்பிடி வைத்த பழைய லிஃப்டு. சின்ன வயதில் ஒரு மாலை அவளை அங்கே கூட்டிப் போயிருந்தார். கரண்ட் போய், லிஃப்டு இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டது. ஒரே கும்மிருட்டு. அப்பா துளிகூடப் பதறவில்லை. "நாம மேலயும் இல்ல, கீழயும் இல்ல. இப்ப நமக்கு யாரும் வேலை சொல்ல முடியாது" என்று சிரித்தார். கம்பி இடுக்கில் தெரிந்த ஒரு கீற்று வெளிச்சத்தைக் காட்டி, அதையே பார்த்துக்கொண்டிரு என்றார். வெளிச்சத்தின் மேல் தனக்கு வந்த பித்து அங்கேதான் ஆரம்பித்தது என்று அவள் நம்பினாள். கணவரிடம் சொல்லியிருக்கிறாள், கடையில் சொல்லியிருக்கிறாள். தங்கையிடம் மட்டும் சொன்னதில்லை. வீட்டுக் கதையை வீட்டுக்குள்ளேயே யாராவது சொல்வார்களா?

அந்த லிஃப்டைக் கட்டினாள். பெரியவர்கள் உள்ளே போனாலும் குழந்தையாகிவிட வேண்டும் என்பதற்காகக் கைப்பிடியைத் தலைக்கு மேலே எட்டாத உயரத்தில் வைத்தாள். கூரையை உயர்த்தினாள். இயந்திர எண்ணெய் வாசனையேற்றிய காக்கிச் சட்டை ஒன்றைக் கை படுகிற இடத்தில் தொங்கவிட்டாள். கதவு மூடியதும் இருட்டு. பிடித்துக்கொள்ள அந்தச் சட்டைக்கை ஒன்றுதான். அந்த நிறுவனத்துக் காவலாளி ஒருவரின் கனத்த குரலில் அப்பாவின் வார்த்தைகளைப் பதிவு செய்து ஒலிக்கவிட்டாள். அப்புறம், மெல்ல மெல்ல, ஒரு கீற்று வெளிச்சம்.

ஆள் எடுக்க வந்த நிறுவனத்தார் ஒவ்வொருவராக உள்ளே போய் வந்தார்கள். இயக்குநர் அம்மாள் கடைசியாக வெளியே வந்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "எப்ப வந்து சேர்றீங்க?" என்று மட்டும் கேட்டார். அந்த அறையைக் கலைக்க வேண்டாம், வருகிறவர்களுக்குக் காட்டலாம் என்றும் முடிவானது.

விடுமுறை நாளில் தங்கையை அழைத்துப் போனாள். தங்கை உள்ளே போனதும் கம்பிக் கதவை அக்காவே இழுத்து மூடினாள். தங்கை வெளியே வந்ததும் நடைபாதையில் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு."

"அவ்வளவுதானா?"

"சட்டையில அந்த எண்ணெய் வாசனை சரியா இருக்கு." தங்கை கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்தாள். "அக்கா, அது நான்."

"எது நீ?"

"லிஃப்டுல இருந்தது. நீ அன்னிக்கு வரவே இல்ல. உனக்குப் பொன்னுக்கு வீங்கி. கழுத்தைச் சுத்தித் துணி கட்டிட்டுப் படுத்திருந்த. அதனாலதான் அப்பா என்னைக் கூட்டிட்டுப் போனாரு."

அக்கா சிரித்தாள். "உளறாதடி. நீ அப்ப கைக்குழந்தை."

"ஒண்ணாங்கிளாஸ். அன்னிக்கு ராத்திரி உன் பக்கத்துல படுத்துக்கிட்டு நான்தான் சொன்னேன். மேலயும் இல்ல, கீழயும் இல்லன்னு அப்பா சொன்னாரு, வெளிச்சத்தைக் காட்டினாருன்னு. நீ திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்ட."

அக்காவின் சிரிப்பு பாதியில் நின்றது. பொன்னுக்கு வீங்கி நினைவிருந்தது. கழுத்தை இறுக்கிய துணியின் சூடுகூட நினைவிருந்தது.

"அது மட்டும் இல்லக்கா. நான் உன்கிட்ட சொன்னதும் நிஜம் இல்ல." தங்கை குரலைத் தாழ்த்தினாள். "அப்பா சிரிக்கல. இருட்டினதும் தரையில உட்கார்ந்துட்டாரு. மூச்சு வாங்குச்சு. கம்பியைப் பிடிச்சுக்கிட்டு அழுதாரு. நான்தான் அவரு சட்டைக்கையைப் பிடிச்சு, பயப்படாதீங்கப்பா, பயப்படாதீங்கப்பான்னு சொல்லிட்டிருந்தேன். வெளிய வந்ததும், வீட்ல சொல்லாதேம்மான்னாரு. நீ விடாம கேட்ட. ஏதாவது சொல்லணுமே."

அக்கா பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "இத்தனை வருஷம் இல்லாம இப்ப எதுக்குடி சொல்ற?"

"நீ கேட்டியே, எப்படி இருந்துச்சுன்னு." தங்கை எழுந்துகொண்டாள். "ரிட்டயர் ஆகிற வரைக்கும் அப்பா தினமும் அதே பெட்டிக்குள்ளதான் வேலைக்குப் போனாரு. அதைத்தான் உள்ள நின்னு நினைச்சேன்."

அன்று முழுவதும் அவள் தன் நினைவுக்குள் அப்பாவைத் தேடினாள். தனக்கு மட்டும் சொந்தமான அப்பா ஒருவர் இருந்தாக வேண்டுமே. அந்த மாலை தான் படுக்கையில் கிடந்ததும், அம்மா வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்ததும் தெரிந்தன. அப்பா வந்ததும் நேராகக் குழாயடிக்குப் போய் வெகுநேரம் முகம் கழுவியது காதில் விழுந்தது. அவ்வளவுதான் அகப்பட்டது, ஒரு தண்ணீர்ச் சத்தம்.

மறுநாள் இயக்குநரிடம் போய் நின்றாள். "அந்த அறையைக் கலைச்சிடலாம் மேடம். அது என்னோடது இல்ல, என் தங்கச்சியோடது. நடந்ததும் அப்படி இல்ல."

அவர் நிதானமாகக் கேட்டுவிட்டு, "உள்ளே போறவங்க அழுதாங்களா இல்லையா?" என்றார்.

"அழுதாங்க."

"அப்புறம் என்ன? கட்டினது நீங்கதானே. உங்க கைவேலையைப் பார்த்துத்தான் வேலை கொடுத்தோம். போய் வேலையைப் பாருங்க."

கைவேலை என்ற சொல் அவளை ஆற்றவும் இல்லை, சுடவும் இல்லை. வேலையை விட்டுவிடலாம் என்று நினைத்தாள், நினைக்கத்தான் முடிந்தது. நடந்தது நடந்தபடியே அறையை மாற்றிவிடுகிறேன் என்று தங்கைக்குப் போன் செய்தபோது, "வேண்டாம். அவரு சொல்லாதேன்னாரு. உன்கிட்ட சொன்னதே தப்பு" என்று அவள் போனை வைத்துவிட்டாள். ஆக, காவலாளியின் குரல் வருகிறவர்களுக்கெல்லாம் சிரித்துக்கொண்டே இருந்தது. ஒருநாள் வயதானவர் ஒருவர் வெளியே வந்து அவள் கையைப் பற்றி, "தைரியசாலிம்மா உங்க அப்பா" என்றார். "ஆமாங்க" என்றாள்.

தங்கை சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் சமாதானமாவது ஆகியிருக்கலாம். வருவது குறைந்தது, பேச்சு இன்னும் குறைந்தது. கொஞ்ச நாள் கழித்து அக்காவே தங்கை வீட்டுக்குச் சாப்பிடப் போனாள். அந்த அறையைப் பற்றிப் பத்திரிகையில் படத்தோடு வந்திருந்ததைத் தங்கையின் பிள்ளைகள் பார்த்துவிட்டிருந்தார்கள்.

"பெரியம்மா, தாத்தா லிஃப்டுல மாட்டிக்கிட்டாராமே? சொல்லுங்க" என்று சின்னவள் மடியில் ஏறிக்கொண்டாள்.

சமையலறையில் தங்கை பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அக்கா அந்த முதுகைப் பார்த்தாள்.

"அது என் கதை இல்லடா கண்ணு. உங்கம்மாதான் தாத்தாகூட இருந்தா. அவகிட்ட கேளுங்க."

பிள்ளைகள் சமையலறைக்கு ஓடினார்கள். அம்மா, அம்மா என்று புடவையைப் பிடித்து இழுத்தார்கள். தங்கை குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டாள்.

"எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல" என்றாள், திரும்பிப் பார்க்காமல். "போய்ப் படிங்க."