இடது இடுப்பில் ஒரு லேபிள்

நீலக் கட்சித் தலைவர் பிரசார வண்டியின் மேல் நின்று இரண்டு கைகளையும் தூக்கியபோது, அவருடைய டீ ஷர்ட்டும் கூடவே ஒரு சாண் மேலே ஏறியது. தலைவரின் வயிற்றை நாடு பார்த்தது அதுவே முதல் முறை. ஆனால் நாட்டின் கண் வயிற்றில் நிற்கவில்லை. இடது இடுப்பில், தையலோரமாக, வெள்ளை லேபிள் ஒன்று நாக்கை நீட்டிக்கொண்டிருந்தது. அதில் இருந்தது எல்லைக்கு அப்பால் இருக்கும் நாட்டின் எழுத்து.

மறுநாள் காலை எல்லாச் சேனல்களிலும் அந்த இடுப்புதான்.

அவள் சமையலறை வாசலில் நின்று பார்த்தாள். கையிலிருந்த காபி தளும்பிக் காலில் கொட்டியது. சுட்டதுகூட உறைக்கவில்லை. அந்த லேபிளை வெட்டாமல் விட்டவள் அவள்தான்.

அவள் வேலை பார்ப்பது ஒரு டீ ஷர்ட் பட்டறையில். பட்டறை என்று பெயரே தவிர, அங்கே ஒரு சட்டையும் தைப்பதில்லை. எல்லைக்கு அப்பாலிருந்து மூன்று கை மாறி, பேல் பேலாக, பெரிய கட்டுகளாக, வெறும் சட்டைகள் வரும். கழுத்தில் இருக்கும் லேபிளை அவள் வெட்டுவாள். பிறகு முன்னறையில் மஞ்சள் கட்சியின் சின்னம் அச்சாகும், பின்னறையில் நீலக் கட்சியின் சின்னம். நடுவில் ஒரு பிளைவுட் தடுப்பு. 'இந்த மண்ணின் உழைப்பு' என்று முதுகில் அடித்துத் தரச் சொல்லி இரண்டு கட்சிகளுமே கேட்டிருந்தன. முதலாளி ஒரே அச்சுச் சட்டத்தை வைத்து இரண்டு பேருடைய நாட்டுப்பற்றையும் முடித்துக்கொடுத்தார்.

பதினொரு வருடமாக ஒரே வேலை. பெயரே 'கத்திரி அக்கா' ஆகிவிட்டது. பார்த்து வெட்டுகிற பழக்கம் போய் வெகுகாலம் ஆகிறது. கட்டைவிரல் கழுத்தைத் தடவும், கத்திரி நறுக்கும், அடுத்த சட்டை. கடைசியாக வந்த பேல் மட்டும் வேறு கம்பெனிச் சரக்கு. அவர்கள் கழுத்தில் ஒன்று, இடுப்பில் ஒன்று என்று இரண்டு லேபிள் வைப்பவர்கள். அவள் விரலுக்குக் கழுத்து மட்டும்தான் தெரியும். முந்நூறு சட்டைகள். பாதி மஞ்சள், பாதி நீலம்.

டிவியில், ஓய்வு பெற்ற உளவு அதிகாரி ஒருவர் லேபிளைச் சுவரளவுக்குப் பெரிதாக்கிக் குச்சியால் சுட்டிக் காட்டினார். "இந்த முக்கோணம் நம் எல்லைச் சாவடி. குறுக்கே போட்ட கோடு, தாக்குதல் நடக்கும் வழி. இந்தத் தொட்டி நம் துறைமுகம். தொட்டிக்குள் ஒரு கை... யாருடைய கை?" துவைப்பதற்கும் தேய்ப்பதற்கும் போடுகிற அந்தக் குறிகள், அதிகாரி போட்டிருந்த சட்டைக்குள்ளேயும் இருந்திருக்கும். அன்றைக்கு யாரும் தன் சட்டையைப் பார்த்துக்கொள்ளவில்லை.

வீட்டில் அவள் கணவன் நீலம், கொழுந்தன் மஞ்சள். சோபாவின் இரண்டு முனைகளிலும் அவரவர் டீ ஷர்ட்டோடு உட்கார்ந்திருந்தார்கள்.

"பாத்தியாண்ணே? உங்காளு எவன்கிட்ட காசு வாங்கறாருன்னு இடுப்புலயே ஒட்டியிருக்கு."

"போடா டேய். அது உங்க ஆளுங்க திருட்டுத்தனமா தெச்சு வெச்சது. எங்க தலைவருக்கு இடுப்புல என்ன இருக்குன்னு எப்படிடா தெரியும்?"

"நாட்டுல என்ன நடக்குதுன்னே தெரியாது, இடுப்பு மட்டும் தெரிஞ்சிடுமா?" என்ற கொழுந்தன் அவள் பக்கம் திரும்பினான். "அண்ணி, நீங்களே சொல்லுங்க. உங்க பட்டறையில இப்படி நடக்குமா?"

"நடக்காது" என்றாள். குரல் அவளுடையது மாதிரி இல்லை.

"எவன் வெச்சானோ, அவன் மட்டும் என் கையில கெடைக்கட்டும்" என்றான் கணவன்.

"தேசத்துரோகக் கேஸுண்ணே. ஜாமீனே கெடையாது."

"ஆமாண்டா. விடவே கூடாது."

ஒரு மாதமாக அண்ணனும் தம்பியும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான். அவர்கள் இடுப்பைப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. பட்டறையிலிருந்து அந்த இரண்டு சட்டைகளையும் கொண்டுவந்து கொடுத்ததும் அவள்தான்.

பட்டறைக்குப் போனதும் முதலாளி கதவைச் சாத்தினார்.

"சாயந்திரம் டிவியில நேரடி விவாதமாம். பட்டறை ஆளு ஒருத்தர் வேணும்னு கேக்கறாங்க. நீ போயி, எல்லாம் இங்கயே தெக்கறோம்னு சொல்லிட்டு வா."

"எனக்குத் தையலே தெரியாதே, சார்."

"கேக்கறவனுக்கு மட்டும் தெரியுமா?" என்றவர் குரலைத் தாழ்த்தினார். "போகலன்னா போலீஸ்ல உன் பேரைத்தான் குடுக்கணும். லேபிளு வெட்டறவ நீதானே?"

டிவி நிலையத்தின் மேக்கப் அறையில் இரண்டு கட்சிச் செய்தித் தொடர்பாளர்களும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் இருந்தார்கள். தேர்தல் வரை தொண்டனோடு தொண்டனாக இருக்க வேண்டும் என்று மேலிடம் உத்தரவு போட்டிருந்ததால் இருவருக்கும் டீ ஷர்ட். மஞ்சள்காரர் தலைசீவிய சீப்பை நீலக்காரர் வாங்கிச் சீவிக்கொண்டிருந்தார்.

"யோவ், இன்னைக்கு ரொம்பக் கத்தாதய்யா. எனக்குத் தொண்டை கட்டியிருக்கு."

"நீ துரோகின்னு ஆரம்பிச்சா நான் எப்படிய்யா மெதுவா பேசறது?"

மஞ்சள்காரர் சோம்பல் முறித்தார். சட்டை ஏறியது. அவர் இடுப்பிலும் வெள்ளையாக ஒன்று எட்டிப் பார்த்தது. மேடையில் இவர் கையைத் தூக்காமல் ஒரு வாக்கியம் பேசமாட்டார். தூக்கினால் இரண்டு கட்சிகளும் சேர்ந்து தேடப்போவது ஒரே ஒரு ஆளை.

"சார்... உங்களுக்கும் இருக்கு."

"என்னதும்மா?"

அவள் சுட்டினாள். அவர் குனிந்து பார்த்தார். பவுடர் போட்ட முகம் பவுடரைவிட வெளுத்தது. நீலக்காரர் சிரிக்கத் தொடங்கி, தன் இடுப்பைத் தடவி, பாதிச் சிரிப்பில் நின்றார்.

இருவரும் சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். பையிலிருந்த கத்திரியால் அவள் வெட்டினாள். கத்திரி தொப்பையை உரசிக்கொண்டு போனது.

"பாத்தும்மா, பாத்து. நாட்டுக்கு வேண்டிய உடம்பு" என்றார் மஞ்சள்காரர். வெட்டிய லேபிள்களை வாங்கி, கழிவறையில் தானே போட்டுத் தண்ணீர் ஊற்றினார். "இன்னும் எங்கயாவது இருக்கா?"

அவள் வாயைத் திறப்பதற்குள், "ரெண்டு நிமிஷம், சார்!" என்று யாரோ கத்த, இரண்டு பேரும் முகத்தில் கோபத்தை மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள். பெரிய மனிதர்கள் கேள்வி கேட்பார்கள். பதிலுக்கு நிற்கிற வழக்கம் கிடையாது.

சுவரில் இருந்த டிவியில் விவாதம் தொடங்கியது. துரோகி, கைக்கூலி, அடிவருடி. பத்து நிமிடத்தில் இருவருக்கும் வார்த்தை தீர்ந்துபோனது. அப்போது மஞ்சள்காரர் குரலைத் தணித்தார்.

"கட்சிகளை விடுங்க. இவ்வளவு நுணுக்கமான சதியை லேபிள் வேலை பாக்கற எடத்துல இருந்தவங்கதான் பண்ணியிருக்க முடியும். அங்கிருந்து விசாரணை ஆரம்பிக்கட்டும்."

"இதை மட்டும் நான் முழுமனசா ஏத்துக்கறேன்" என்றார் நீலக்காரர்.

அரங்கம் கைதட்டியது. இரண்டு பக்கமும்.

அவள் கதவு எந்தப் பக்கம் என்று பார்த்தாள். கதவைத் திறந்துகொண்டு நிலைய ஊழியர் வந்து நின்றார். "வாங்கம்மா, அடுத்தது நீங்கதான்."

மேடை வெளிச்சத்தில் முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு தெரிந்தது. இடப்பக்கம் முப்பது மஞ்சள், வலப்பக்கம் முப்பது நீலம். இரண்டு கட்சி அலுவலகங்களிலிருந்தும் பஸ்ஸில் ஏற்றிவந்த கூட்டம். கடைசி பேல் போனதும் அந்த அலுவலகங்களுக்குத்தான். முதல் வரிசையில் கணவன், எதிர்வரிசையில் கொழுந்தன். அவள் போவது அவர்களுக்கும் தெரியாது, அவர்கள் வருவது அவளுக்கும் தெரியாது. கணவன் பாதி எழுந்து, என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்தான்.

"சொல்லுங்கம்மா" என்றார் நெறியாளர். "அந்த லேபிளை வெக்கச் சொன்னது யாரு?"

முதலாளி சொல்லிக்கொடுத்தது எல்லாம் மறந்துவிட்டது. ஜாமீன் கிடையாது என்பது மட்டும் ஞாபகம் இருந்தது.

"யாரும் வெக்கல, சார். நான் வெட்ட மறந்துட்டேன்." தன் இடது இடுப்பைத் தொட்டுக் காட்டினாள். "எல்லாரும் கொஞ்சம்... இடது பக்கம் சட்டையத் தூக்கிப் பாருங்க."

கொழுந்தன்தான் முதலில் எழுந்தான். "பாருங்க, நல்லாப் பாருங்க! மஞ்சள்ல ஒண்ணும் இருக்காது!" என்று சட்டையைத் தூக்கினான். இருந்தது. அண்ணன் அதைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தபடி தன் சட்டையையும் தூக்கினான். சிரிப்பு நின்றது. பின்வரிசைகளில் துணி சரசரத்தது. ஒருவர் பின் ஒருவராக அறுபது பேரும் குனிந்தார்கள். பிறகு அறுபது இடது கைகளும் அறுபது இடுப்புகளில் போய் ஒட்டிக்கொண்டன.

"ஒரு சிறிய இடைவேளை" என்றார் நெறியாளர், மூச்சு வாங்க.

கேமராக்களின் சிவப்பு விளக்குகள் அணைந்தன. மஞ்சள்காரரும் நீலக்காரரும் இரண்டு பக்கமும் வந்து அவளை நெருக்கி நின்றார்கள்.

"விளம்பரம் மூணு நிமிஷம் ஓடும்" என்றார் ஒருவர், பல் தெரிய. "அதுக்குள்ள எல்லாருக்கும் வெட்டிருங்க. கேமரா இதுவரைக்கும் உங்களத்தான் காட்டுச்சு, கூட்டத்த இல்ல. அப்புறம் நீங்க சொன்னதுக்கு ஆதாரமே இருக்காது. நாங்களும் பெரிய மனசு பண்ணி விட்டுடுவோம்."

"இல்லன்னா..." என்றார் மற்றவர். மேலே சொல்லவில்லை.

அவள் கூட்டத்தைப் பார்த்தாள். கணவன் இடுப்பில் கையை வைத்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். கூடாது என்று தலையாட்டுகிறானா, வெட்டிவிடு என்கிறானா, தெரியவில்லை.

"முடியாது, சார். நான் மறந்ததுக்கு அது ஒண்ணுதான் சாட்சி" என்றாள்.

சொல்லி முடித்த பிறகுதான் பயம் முழுதாக வந்தது. பிடித்துக்கொள்ள மேடையில் ஒன்றுமில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்தாள். நிலைய ஊழியர் விரல்களை மடக்கி, விளம்பரம் முடிய மீதி இருந்த நொடிகளை எண்ணத் தொடங்கினார்.